பேசித் தீர்த்து, எழுதிப் பிரிந்தோம்

கோர்ட் படியேறாமல் விவாகரத்து வாங்க முடியுமா என்று கோத்தகிரியில் என்னைத் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பவர்கள் உண்டு. தங்கை மகளுக்காக, மச்சினிக்காக என்று ராத்திரி போன் போட்டுக் கேட்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பயம்தான். வாய்தா வாய்தாவாக வருஷக்கணக்கில் ஊட்டிக்கு அலையவேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டு விஷயத்தையெல்லாம் சபையில் கிளறுவார், கடைசியில் இருக்கிற தோட்டத்தை விற்றுத்தான் ஃபீஸ் கட்டவேண்டியிருக்கும் என்கிற பயம். நானும் என் கணவராக இருந்தவரும் அப்படி எதுவும் இல்லாமல் பிரிந்தோம். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் கேள்விக்குப் பதில். இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த கல்யாணம் என்றால் கோர்ட் தீர்ப்பு வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் கோர்ட்டில் சண்டை போடத் தேவையில்லை. 1955-ல் வந்த அந்தச் சட்டத்தில் 1976-ல் 13பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இருவரும் ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இனி சேர்ந்து வாழ முடியாது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பிரிவதற்கு இருவரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் அது கேட்பது. யார் மேல் தப்பு என்று யாரும் நிரூபிக்க வேண்டாம். ஒரே மனுவில் இருவரும் கையெழுத்துப் போடலாம். 'பரஸ்பர சம்மதம்' என்று வக்கீல்கள் சொல்வதும், ஆபீஸில் 'மியூச்சுவல்' என்று சுருக்கமாகச் சொல்வதும் இதைத்தான். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்றே அர்த்தம் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதும் அதில் சேரும்.

அப்படியானால் பேச வேண்டியதையெல்லாம் வெளியிலேயே பேசி முடித்து எழுதிக்கொண்டு, எழுதியதைக் கோர்ட்டில் கொடுத்துத் தீர்ப்பு வாங்கிவிடலாம். நாங்கள் செய்தது அதுதான்.

இந்த இடத்தில் ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கும் முதலில் அந்த யோசனையைத்தான் சொன்னார்கள். நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, பத்திரத்தாளில் 'இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை' என்று எழுதி, இரண்டு பேரும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்திவிட்டால் 'தீர்த்துவிட்டாச்சு' என்று ஊரில் ஏற்றுக்கொண்டு விடுவார்கள். சொன்னவர் எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. அதை நம்பி ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 494 என்று இருந்த குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-வது பிரிவு. ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. இரண்டாவதாக வந்தவள் பத்து வருஷம் குடும்பம் நடத்தியபின், கணவர் இறந்து பென்ஷனுக்கு எழுதிப் போடும்போதுதான் தன் கல்யாணமே செல்லாது என்று தெரிந்துகொள்கிறாள். அது ஒரு பெண்ணுக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு, நீலகிரியில் அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் என்று இங்கே இருக்கும் பழங்குடி மக்களுக்கு இந்து திருமணச் சட்டம் தானாகப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும் என்று அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவே சொல்கிறது. அவர்களுக்கு அவர்கள் வழக்கம்தான். மற்ற சமூகங்களிலும், தொன்றுதொட்டு விவாகரத்து வழக்கம் இருந்து அதைக் கோர்ட்டில் நிரூபிக்கவும் முடிந்தால் 29-வது பிரிவு அதைக் காப்பாற்றும். ஆனால் நிரூபிப்பது சுலபம் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தில் 2001-ல் சேர்த்த 10ஏ பிரிவு இருக்கிறது, அதில் எழுதியிருப்பது இரண்டு வருஷப் பிரிவு. முஸ்லிம்களில் கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவதற்கு முபாரத் என்று பெயர். 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி நடந்த பதிவுத் திருமணம் என்றால் அந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு. யாருக்கு எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் பேச உட்காருங்கள்.

நாங்கள் ஏன் பிரிந்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதில் பாதி அவருடையது. அவரைக் கேட்காமல் பொதுவில் வைக்க எனக்கு உரிமை இல்லை. அவர் கை நீட்டியதில்லை, என்னைப் பட்டினி போட்டதில்லை, நான் வேலைக்குப் போவதைத் தடுத்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வழி, இரண்டு பேரும் பயமில்லாமல் எதிரெதிரே உட்கார முடிந்தவர்களுக்கு மட்டும்தான். அடி வாங்குகிற பெண்ணிடம் போய் 'சுமுகமாப் பேசி முடிச்சுக்கோ' என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அவளுக்கு 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. பயத்தில் ஒருத்தி தலையாட்டுவதற்குச் சம்மதம் என்று பெயர் இல்லை.

பேச்சு நடந்தது என் சித்தப்பா வீட்டில். தபால் துறையில் இருந்து ரிட்டையர் ஆனவர், யாரையும் குரல் உயர்த்திப் பேசாதவர். என் கணவர் பக்கத்தில் இருந்து அவருடைய பெரியத்தை வந்தார். என் அப்பா அம்மாவும் வரவில்லை, அவர் அப்பா அம்மாவும் வரவில்லை. அது பெரியத்தை போட்ட கண்டிஷன். "பெத்தவங்க உட்கார்ந்தா பிள்ளைங்க பேச மாட்டாங்க, பெத்தவங்கதான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சரியான வார்த்தை என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்களாக இரண்டு பேர் போதும். அப்படிச் சொந்தத்தில் ஆள் அமையாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ சமரச மையத்துக்கோ போகலாம். சென்னை உயர்நீதிமன்றம்தான் 2005-லேயே நாட்டில் முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை ஆரம்பித்தது. அங்கே பேசுவது வெளியே போகாது, பின்னால் வழக்காக மாறினாலும் அதைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது.

சித்தப்பா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்திருந்தார். இடது பக்கம் நான் கேட்பது, வலது பக்கம் அவர் சொல்வது. ஒத்துக்கொண்டதற்குப் பச்சை மையில் டிக். ஒத்துக்கொள்ளாததை அன்றைக்கே தீர்க்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அடுத்த தடவைக்குத் தள்ளலாம். பழைய கதையை யாராவது எடுத்தால் பெரியத்தை "அது நோட்டுல எங்க வருது?" என்று கேட்பார். அதற்குமேல் அந்தக் கதை வளராது.

நகையில் ஆரம்பித்தோம், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதுதான் முதலில் வெடிக்கும். கல்யாணத்தில் எனக்குப் போட்டதில் பாதி பீரோவில் இருந்தது, மீதி அடகில் இருந்தது. ஒரு வருஷம் தோட்டத்தில் கவாத்து வெட்டி, உரம் போட்டு, ஆள் கூலியும் கொடுக்கப் பணமில்லாதபோது நானேதான் கழற்றிக் கொடுத்தேன். "நீ விரும்பித்தானே குடுத்த" என்றார் அவர். உண்மைதான், விரும்பித்தான் கொடுத்தேன். ஆனால் ஒரு பெண்ணுக்கு அவள் வீட்டாரும் மற்றவர்களும் கொடுத்த நகையும் பொருளும் சீதனம். கல்யாணமான பிறகும் அது அவளுடைய சொத்தாகவே இருக்கிறது, கணவர் வீட்டில் வைத்திருந்தால் அவர்கள் அதைப் பாதுகாத்துத் திருப்பித் தரவேண்டியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சித்தப்பா அதை வக்கீலிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார். அவர் மறுக்கவில்லை. அடகுச் சீட்டு நம்பர், எடை, அசல், அன்றுவரை ஏறிய வட்டி எல்லாம் நோட்டில் ஏறியது. மீட்டுத் தருவதற்கு ஒரு தேதியும் எழுதினோம். "சீக்கிரம் மீட்டுத் தர்றேன்" என்ற வார்த்தையைப் பெரியத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. "சீக்கிரம்னா எந்த மாசம்?"

ஜீவனாம்சம் பேசும்போதுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய பிரச்சினை வந்தது. சம்பளக்காரர் என்றால் மாதம் இவ்வளவு என்று எழுதிவிடலாம். அவருக்கு வருமானம் பச்சைத் தேயிலை. நான் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள், இலை விலை எப்படி ஏறி இறங்கும் என்று எனக்கு மாதாமாதம் கண்ணால் தெரியும். தேயிலை வாரியம் ஒவ்வொரு மாதமும் சிறு விவசாயிகளின் இலைக்குச் சராசரி விலை அறிவிக்கும். கிலோ 12 ரூபாய்க்கு இறங்கிய மாதமும் பார்த்திருக்கிறோம், 20 ரூபாயைத் தாண்டிய மாதமும் பார்த்திருக்கிறோம். மழைக்குப் பின் இலை குவியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகி ஒன்றுமே வராது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டினால் அந்தப் பாத்தியில் சில மாதம் பறிப்பே கிடையாது. இப்படிப்பட்ட மனிதரிடம் மாதம் ஒரே தொகை எழுதி வாங்கினால், முதல் பனிக்காலத்திலேயே அவர் தவறுவார், நான் நோட்டீஸ் விடுவேன், சுமுகம் அத்தோடு முடிந்துவிடும்.

எனக்கென்று மாதாந்தரம் எதுவும் வேண்டாம், நகையும் ஒரு மொத்தத் தொகையும் போதும் என்று நான் முடிவெடுத்திருந்தேன். எனக்கு வேலை இருந்தது. (வேலை இல்லாதவர்கள் தயவுசெய்து இப்படி முடிவெடுக்காதீர்கள். ரோஷத்தில் 'ஒண்ணும் வேண்டாம்' என்று எழுந்து வந்த பெண்களை எனக்குத் தெரியும். ரோஷம் ஆறு மாதம் தாங்கும், வாடகை மாதாமாதம் வரும்.) ஆனால் மகளுக்கு வேண்டும். அதை இரண்டாகப் பிரித்தோம். பனி மாதமானாலும் கவாத்து மாதமானாலும் அவரால் தரமுடிகிற ஒரு குறைந்தபட்சத் தொகை, அது மாதம் 10-ம் தேதிக்குள் அவள் பெயரில் இருக்கும் கணக்குக்கு வந்துவிட வேண்டும். ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், ஸ்வெட்டர், ஷூ எல்லாம் ஜூனில்தான் வரும், அதற்குச் சற்று முன்னால்தான் இலை நன்றாக ஓடும் காலமும். அதனால் ஃபீஸில் முக்கால் பங்கை மே மாதக் கடைசிக்குள் அவர் நேராகப் பள்ளியிலேயே கட்டுவது என்று எழுதினோம். ஃபேக்டரியில் மாதாமாதம் தரும் இலைக் கணக்குச் சீட்டை நான் கேட்காமலே அவர் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புவார் என்பதும் அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதச் சொன்னவர் அவரேதான். "நான் பொய் சொல்றேன்னு நீ நெனைக்கக் கூடாது" என்றார். எங்கள் கல்யாணத்தில் நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

தோட்டத்தில் எனக்குப் பங்கு இல்லை. அது அவர் அப்பா வழியில் வந்த நிலம். விவாகரத்தில் சொத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. விவாகரத்துக்குப் பின் மனைவிக்குக் கணவர் சொத்தில் வாரிசுரிமையும் போய்விடும். ஆனால் மகளுடைய உரிமை எங்கேயும் போகாது. பரம்பரைச் சொத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஜமீன் நிலங்களின் உரிமை தீராமல் கிடக்கும் ஜென்ம நிலப் பிரச்சினையால் பலருக்குப் பட்டாவே இல்லை. பட்டா இல்லாத நிலத்தை 'உனக்குத் தர்றேன்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கி ஏமாந்துபோகாதீர்கள், பணமாகவோ நகையாகவோ கேளுங்கள்.

மகளின் உரிமை பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். நோட்டில் இருந்ததை ஒப்பந்தமாக டைப் அடித்து முதல் டிராஃப்ட் வந்தபோது அதில் நாங்கள் யாரும் பேசாத ஒரு வரி இருந்தது. 'முதல் மனுதாரரோ அவரது மகளோ எதிர்காலத்தில் எந்தவித ஜீவனாம்சமோ சொத்துரிமையோ கோர மாட்டார்கள்.' டைப் அடித்துக் கொடுத்தவர் பழைய மாதிரி ஒன்றை எடுத்துப் போட்டிருக்கலாம். நான் தினமும் எண்களோடு இருப்பவள், வரி வரியாகப் படிக்கும் பழக்கம் உண்டு, அதனால் கண்ணில் பட்டது. என் வக்கீல் அம்மா அந்த 'மகளோ' என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டார். தாய் கையெழுத்துப் போட்டுக் குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, மைனரின் அசையாச் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் விட்டுத்தரவும் முடியாது, இந்த வரி இருந்தால் ஜட்ஜே கேள்வி கேட்பார் என்றார். அவரும் உடனே ஒத்துக்கொண்டார். வரி போனது. ஒத்துப்போகிறோம் என்கிற நல்லெண்ணத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஒத்துப்போகிறவர்கள்தான் இன்னும் கவனமாகப் படிக்கவேண்டும்.

'என் வக்கீல் அம்மா' என்று எழுதினேன். ஆமாம், எனக்குத் தனி வக்கீல், அவருக்குத் தனி வக்கீல். மியூச்சுவல் என்றால் ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம் என்பார்கள். குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை உங்கள் பக்கம் மட்டும் நின்று ஒருவர் படித்துப் பார்க்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பணம் இல்லை என்று பெண்கள் தயங்கவேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் 12-வது பிரிவு, பெண்ணாக இருந்தாலே இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி என்கிறது. வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். கணவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதும் அதில் கணக்கில்லை.

குழந்தை யாரிடம் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. அப்போது அவளுக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது, என்னோடுதான் என்று இருவருக்கும் தெரியும். அப்பாவைப் பார்ப்பதைத்தான் விவரமாக எழுதவேண்டியிருந்தது. 'தந்தை விரும்பும்போது பார்க்கலாம்' என்று பொதுவாக எழுதுவது வழக்கமாம். கேட்க நன்றாக இருக்கும். விரும்பும்போது என்றால் எப்போது என்ற சண்டை அடுத்த மாதமே வரும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினோம். காலையில் அவர் வந்து கூட்டிப்போவார், இருட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்து விடுவார். இருட்டுவதற்கு முன் என்பது எங்கள் ஊரில் சும்மா எழுதும் வார்த்தை இல்லை. சாயங்காலம் ஆனால் தேயிலைக் காட்டுப் பாதையில் கரடி வரும், காட்டெருமை நிற்கும். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் அந்த வாரம் போனில் பேசுவது, விட்டுப்போன நாளை அடுத்த விடுமுறையில் சேர்த்துக்கொள்வது என்றும் எழுதினோம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்று நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். தீபாவளி ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. பொங்கல் அதற்கு மாற்றி. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு இருவரும் போகலாம், ரிப்போர்ட் கார்டில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். ஒருவரைப் பற்றி மற்றவர் குழந்தையிடம் தரக்குறைவாகப் பேசக்கூடாது என்றும் ஒரு வரி. அதைக் கோர்ட்டால் கண்காணிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினோம். எழுதிக் கையெழுத்துப் போட்டதை மீற இரண்டு பேருக்கும் கூச்சமாக இருக்கிறது, அது போதும்.

அப்புறம் கோர்ட். இருவரும் சேர்ந்து போட்ட மனு, கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, திருமணப் பதிவுச் சான்று, ஆதார், அவரவர் பிரமாணப் பத்திரம், கூடவே ஒப்பந்தம். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர் இவற்றில் எதன் எல்லையில் வேண்டுமானாலும் மனுப் போடலாம். எங்களுக்கு எப்படிப் பார்த்தாலும் ஊட்டிதான். கோர்ட் அப்போது நகருக்குள் பழைய கட்டடத்தில் இருந்தது, இப்போது காக்காத்தோப்புக்குப் போய்விட்டது.

மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து, இன்னும் அதே முடிவுதான் என்று சொல்லவேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சேர்த்துவைக்கும் முயற்சிகள் பலிக்காமல், பணம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் கேட்கவில்லை. காத்திருப்பதில் எங்களுக்கு அவசரம் இல்லை. ஒப்பந்தப்படி நடக்கிறோமா என்று பார்க்க அந்த மாதங்கள் உதவின. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தீர்ப்பு வரும்வரை ஒருவர் மனசு மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் இருந்து சட்டம் அப்படித்தான். அதனால் மொத்தத் தொகை என்றால் ஒரு பகுதியை முதல் தடவையும் மீதியை இறுதி நாளிலும் கொடுப்பதாக எழுதுவது வழக்கம். நாங்களும் அப்படியே செய்தோம்.

உள்ளே ஜட்ஜ் எங்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஒப்பந்தத்தைப் படித்தீர்களா, குழந்தைக்குச் செய்யவேண்டியது எல்லாம் இதில் இருக்கிறதா. கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை, வீட்டு விஷயம் எதையும் யாரும் கேட்கவில்லை. நான் பயந்துகொண்டிருந்த கோர்ட் இதுவா என்று இருந்தது. வெளியே வந்ததும் அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சித்தப்பா எல்லோரையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்.

தீர்ப்பு நகலைக் கையோடு சில சான்றளித்த பிரதிகளாக வாங்கிவையுங்கள், பின்னால் ஒவ்வொரு ஆபீஸிலும் கேட்பார்கள். ரேஷன் கார்டில் இருந்து பெயர் நீக்கித் தனிக் கார்டு வாங்க அது வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கும் தனிக் கார்டு இருந்தால்தான் வேலை ஆகும். பேங்க், எல்ஐசி, பிஎஃப் எல்லாவற்றிலும் நாமினி பெயரை மாற்றுங்கள். தீர்ப்பு வந்தவுடன் அது தானாக மாறிவிடாது.

ஒப்பந்தம் கல்லில் வெட்டியது இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. குழந்தை சம்பந்தப்பட்டதைச் சூழ்நிலை மாறினால் கோர்ட்டில் கேட்டு மாற்றிக்கொள்ள இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் இடம் இருக்கிறது. நாங்கள் இதுவரை கோர்ட்டுக்குப் போகாமலே ஃபீஸ் பங்கை ஒருமுறை மாற்றிக்கொண்டோம், அதே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு. இப்போது மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்குக் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேரவேண்டும் என்கிறாள். அப்படிப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு சரிவராது, ஹாஸ்டல் ஃபீஸ் இலைக் கணக்குக்குள் அடங்காது. பெரியத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனாலும் தானும் வருவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இந்த முறை மகளையும் உட்காரவைத்துப் பேசலாம் என்று அவள் அப்பா சொல்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.